சூப்பர்நோவா ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலும் மேற்கோள் கணக்கும்: பிழையில்லாமல் தொகுக்க ஒரு வழிகாட்டி

முதல் முறை போஸ்ட்டாக் வேலைக்கு (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) விண்ணப்பித்தபோது, கட்டுரைப் பட்டியல் தயாரிக்க ஒரு மாலைப்பொழுது போதும் என்று நினைத்தேன். பதினொரு நாள் பிடித்தது. பெயரைப் போட்டுத் தேடினால், சூரியனை ஆராயும் வேறொருவரின் கட்டுரைகளும் சேர்ந்து வந்தன. நான் முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரை ஒன்று இரண்டு பதிவுகளாகப் பிரிந்து கிடந்தது. அதன் மேற்கோள்களும், அதாவது மற்றக் கட்டுரைகள் அதைக் குறிப்பிட்ட எண்ணிக்கையும், இரண்டாகப் பிரிந்திருந்தன. ஒரே ஓர் இரவு நிறமாலை (ஒளியை நிறங்களாகப் பிரித்த பதிவு) எடுத்துக் கொடுத்த குழுக் கட்டுரைக்குத்தான் என் பட்டியலிலேயே அதிக மேற்கோள். இரண்டு ஆண்டு உழைத்து எழுதியது நடுவில் எங்கோ இருந்தது. நேரமில்லாமல் வந்ததையெல்லாம் கூட்டி ஒரு எண்ணை எழுதி அனுப்பிவிட்டேன். நேர்காணலில் ஒருவர், "இந்த 1989ஆம் ஆண்டுக் கட்டுரை உங்களுடையதா?" என்று கேட்டார். இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. அதற்கப்புறம் அந்த அறையில் நான் சொன்ன மற்றவற்றின் மேலும் அவர்களுக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது.

உங்களுக்கு அப்படி நடக்கக் கூடாது. சூப்பர்நோவாக்களை (வெடித்துச் சிதறும் விண்மீன்களை) ஆராய்ந்து முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டில் இருப்பவர்களையும் முதல் போஸ்ட்டாக் தேடுபவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

தொடங்கும் முன் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் பெயர் போட்ட எல்லாக் கட்டுரைகளின் டிஓஐ எண்கள் (வெளியான கட்டுரைக்குரிய நிலையான அடையாள எண்), ஆர்க்கைவ் எண்கள் (இதழில் வருமுன் கட்டுரையை ஏற்றும் இலவசத் தளம் ஆர்க்கைவ்), நீங்கள் முதன்மை விண்ணப்பதாரராக இருந்து பெற்ற தொலைநோக்கி நேர ஒதுக்கீட்டுக் கடிதங்கள், நீங்கள் சேர்ந்திருக்கும் ஆய்வுக் குழுக்களின் வெளியீட்டு விதிகள், நீங்கள் எழுதிய மென்பொருள்களின் முகவரிகள். ஒதுக்கீட்டுக் கடிதங்கள் பெரும்பாலும் பழைய மின்னஞ்சல் கணக்கில் கிடக்கும். பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறியதும் அந்தக் கணக்கு மூடப்படலாம். அதனால் அவற்றை இன்றைக்கே இறக்கி வையுங்கள்.

1. எந்தப் பெயரில் எழுதுவது என்று முடிவு செய்யுங்கள்

குடும்பப்பெயர் என்று தனியாக ஒன்று இல்லாதவர்களுக்கும், தலைப்பெழுத்து மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் பெரிய தலைவலி இதுதான். ஒரு கட்டுரையில் தலைப்பெழுத்து முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும், மூன்றாவதில் அதை விரித்து எழுதியிருப்பார்கள். இதழின் மென்பொருள் கடைசியில் நிற்கும் சொல்லைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொள்ளும். கடைசியில் நிற்பது ஒற்றை எழுத்து என்றால், அந்த எழுத்தே உங்கள் குடும்பப்பெயர் ஆகிவிடும்.

ஒரே வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, இனி எல்லாவற்றிலும் அதையே பயன்படுத்துங்கள். பழைய கட்டுரைகளில் போனது போகட்டும். அவற்றை ஆர்கிட் எண் (அடுத்த படியில் விளக்குகிறேன்) வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். சக ஆசிரியராக இருக்கும் கட்டுரைகளில் பெயரைத் தட்டச்சு செய்வது வேறொருவர் என்பதை மறக்க வேண்டாம். குழுவின் ஆசிரியர் பட்டியல் கோப்பில் உங்கள் பெயரும் ஆர்கிட் எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று நீங்களே திறந்து பாருங்கள்.

2. ஆர்கிட் எண் வாங்கி எல்லா இடத்திலும் இணையுங்கள்

ஆர்கிட் என்பது ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண். இலவசம், சில நிமிடங்களில் கிடைத்துவிடும். வாங்கியவர்களில் பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதை ஆர்க்கைவ் கணக்கிலும், இதழ்களின் சமர்ப்பிப்புத் தளத்திலும், வானியல் கட்டுரைகளைத் திரட்டும் நாசா ஏடிஎஸ் தேடுதளத்தின் கணக்கிலும் இணைத்தால்தான் பயன்.

பிறகு ஏடிஎஸ்-இல் ஆர்கிட் முறையை இயக்கி, உங்கள் கட்டுரை ஒவ்வொன்றையும் "என்னுடையது" என்று உரிமை கோர வேண்டும். பழைய பெயர் வடிவங்களையும் உங்கள் ஏடிஎஸ் கணக்கில் மாற்றுப் பெயர்களாகச் சேருங்கள். கோரியதும் தேடலில் உடனே வராது. ஓரிரு நாள் பொறுங்கள். விண்ணப்பக் கெடுவுக்கு முந்தைய இரவு இந்த வேலையில் இறங்கினால், தேடல் முடிவு உங்களைக் கைவிட்டுவிடும்.

3. ஏடிஎஸ்-இல் உங்களுக்கென்று ஒரு நூலகம் அமையுங்கள்

வானியற்பியலில் கட்டுரைக் கணக்கு என்றாலே ஏடிஎஸ்தான். தேர்வுக் குழுவில் இருப்பவர்களும் அங்கேதான் பார்ப்பார்கள். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் வேறு பல ஆவணங்களையும் சேர்த்து எண்ணுவதால் அதில் எண் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். இன்ஸ்பயர் துகள் இயற்பியலுக்கானது. சூப்பர்நோவா நியூட்ரினோ, அண்டவியல் பக்கம் இருப்பவர்களுக்கு அது உதவும். ஒளிவளைவும் (வெளிச்சம் நாளுக்கு நாள் மாறுவதைக் காட்டும் வரைகோடு) நிறமாலையும் பார்ப்பவர்களுக்கு முழுமையாக இருக்காது. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் இரண்டும் கட்டணத் தளங்கள். நிறுவனம் கேட்டால் ஒழிய அந்தப் பக்கம் போக வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. முதலில் ஆர்கிட் எண்ணை வைத்துத் தேடுங்கள். பிறகு பெயரின் எல்லா வடிவங்களையும் வைத்துத் தேடுங்கள். இரண்டிலும் வந்ததைக் கண்ணால் பார்த்து, உங்களுடையதை மட்டும் ஒரு நூலகத்தில் சேருங்கள். ஒவ்வொரு வரியையும் நீங்களே பார்க்க வேண்டும். இந்த ஒரு படியைத் தவிர்த்ததால்தான் எனக்கு அந்த 1989 வந்தது.

நூலகம் தயாரானதும் அதைப் பொதுவில் திறந்துவிட்டு, இணைப்பை விண்ணப்பத்தில் கொடுக்கலாம். வாசிப்பவர் அன்றைய எண்ணை அவரே சரிபார்த்துக்கொள்வார். முதல் ஆசிரியராக எழுதியவற்றுக்குத் தனியாக இன்னொரு நூலகம் வைத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு முன் ^ என்ற குறியைப் போட்டுத் தேடினால் முதல் ஆசிரியர் கட்டுரைகள் மட்டும் வரும்.

4. தந்திகளையும் அறிக்கைகளையும் கட்டுரைகளிலிருந்து பிரியுங்கள்

நம் துறையில் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

2016 தொடக்கத்திலிருந்து புதிய சூப்பர்நோவா கண்டுபிடிப்புகளை டிஎன்எஸ் என்ற பன்னாட்டுப் பெயர்ப் பதிவேட்டில்தான் அறிவிக்கிறோம். முதலில் ஏடி என்ற முன்னொட்டோடு பெயர் கிடைக்கும். நிறமாலை எடுத்துச் சூப்பர்நோவா என்று வகைப்படுத்தியதும் அது எஸ்என் ஆகும். கண்டுபிடிப்பு அறிக்கை, வகைப்பாட்டு அறிக்கை, ஆஸ்ட்ரோநோட் எனப்படும் குறிப்பு ஆகிய மூன்றும் ஏடிஎஸ்-இல் தனித்தனிப் பதிவுகளாக ஏறுகின்றன. இவற்றோடு ஆஸ்ட்ரோனமர்ஸ் டெலிகிராம் (தந்தி போன்ற விரைவுக் குறிப்பு), ஜிசிஎன் சுற்றறிக்கை (திடீர் வான நிகழ்வுகளுக்கான அறிவிப்பு), மாநாட்டுச் சுருக்கம், தொலைநோக்கி முன்மொழிவு, விசியர் அட்டவணை (தரவுப் பட்டியல்), ஜெனோடோ பதிவு (தரவு, மென்பொருள் களஞ்சியம்) எல்லாம் சேரும்.

வகைப்பாட்டுக் குழுவில் ஓராண்டு வேலை செய்தாலே உங்கள் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகள் வந்துவிடலாம். "நான் 140 வெளியீடுகளின் ஆசிரியர்" என்று எழுதினால், வாசிப்பவர் ஏடிஎஸ்-ஐத் திறந்து, பிற ஆய்வாளர்கள் சரிபார்த்த கட்டுரைகளை மட்டும் காட்டும் சகமதிப்பாய்வு வடிகட்டியை அழுத்துவார். 9 என்று வரும். நீங்கள் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் கண்ணில் ஏமாற்றியவர் ஆகிவிடுவீர்கள்.

அதற்காக அறிக்கைகளைத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். அவை நிஜமான வேலை. 2023 மே 19 அன்று எம்101 விண்மீன் மண்டலத்தில் கோயிச்சி இடகாகி எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப்-ஐக் கண்டுபிடித்து அறிவித்தார். அந்த அறிவிப்பும், அதைத் தொடர்ந்து விரைவாக வந்த வகைப்பாடும் இல்லாமல், உலகம் முழுக்கத் தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பியிருக்காது. ஆகவே அவற்றைத் தனித் தலைப்பின் கீழ் எண்ணிக்கையாகக் கொடுங்கள்: "வகைப்பாட்டு அறிக்கைகள்: இத்தனை, அவற்றில் நானே நிறமாலை எடுத்து வகைப்படுத்தியவை: இத்தனை." ஒவ்வொன்றையும் வரிசையாக அடுக்க வேண்டாம்.

டிஎன்எஸ் அறிக்கையில் ஆசிரியர் பெயர்களை அனுப்புபவர் கையால் தட்டச்சு செய்கிறார். அங்கே பெயர் தவறாக ஏறினால் ஏடிஎஸ்-இலும் தவறாகவே ஏறும். குழுவில் யார் அறிக்கை அனுப்புகிறாரோ, அவரிடம் உங்கள் பெயரை எழுதியே கொடுத்துவிடுங்கள்.

5. சிதறிய மேற்கோள்களைச் சேருங்கள்

கட்டுரை முதலில் ஆர்க்கைவில் வரும், பிறகு இதழில் வரும். ஏடிஎஸ் வழக்கமாக இரண்டையும் ஒன்றாக்கிவிடும். மதிப்பாய்வில் தலைப்பு பெரிதாக மாறியிருந்தால் சில சமயம் ஒன்றாக்காது. என் கட்டுரைக்கு நடந்தது அதுதான்: மதிப்பாய்வாளர் சொன்னபடி தலைப்பை முழுக்க மாற்றினேன், பழைய தலைப்பில் 31 மேற்கோள்கள் தனியாக நின்றுவிட்டன.

இதைத் தடுக்கும் வழி எளிது. இதழில் வெளியான அன்றே ஆர்க்கைவ் பதிவுக்குள் போய் டிஓஐ எண்ணையும் இதழ் விவரத்தையும் சேருங்கள். ஏற்கெனவே பிரிந்திருந்தால், ஏடிஎஸ்-இன் கருத்துப் படிவம் வழியாக இரண்டு பிப்கோடுகளையும் குறிப்பிட்டு இணைக்கச் சொல்லுங்கள். பிப்கோட் என்பது ஏடிஎஸ் ஒவ்வொரு பதிவுக்கும் தரும் 19 எழுத்துக் குறியீடு.

விட்டுப்போன மேற்கோள்களுக்கும் தனிப் படிவம் இருக்கிறது. யாரோ ஒருவர் உங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார், ஆனால் தொகுதி எண்ணைத் தவறாக எழுதியதால் அது உங்கள் கணக்கில் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கட்டுரை எந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறது என்று இரண்டு பிப்கோடுகளையும் கொடுத்தால் போதும். இந்தத் திருத்தங்களுக்குப் பணம் கேட்கமாட்டார்கள். ஆனால் மனிதர்கள் பார்த்துச் செய்யும் வேலை என்பதால், கெடுவுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னால் அனுப்பிவிடுங்கள்.

6. அளவீட்டுப் பக்கத்திலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது

நூலகத்தைத் திறந்து அளவீட்டுப் பக்கத்துக்குப் போனால் இருபதுக்குப் பக்கமாக எண்கள் கொட்டும். எல்லாவற்றையும் எழுதினால் யாரும் வாசிக்கமாட்டார்கள்.

எச்-சுட்டெண் எல்லாருக்கும் தெரிந்தது: குறைந்தது 12 மேற்கோள் பெற்ற 12 கட்டுரைகள் இருந்தால் எச் 12. கேட்டால் கொடுங்கள். இதில் யார் முதல் ஆசிரியர், யார் நாற்பதாவது ஆசிரியர் என்ற வேறுபாடே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். பெரிய குழுவில் இருப்பவரின் எச் தானாக ஏறும். தனியாக மாதிரிக் கணக்கீடு செய்பவரின் எச் மெதுவாக ஏறும். இருவரையும் இந்த ஓர் எண்ணால் ஒப்பிடுவது தவறு.

எம்-சுட்டெண் என்பது எச்-ஐ முதல் கட்டுரை வந்ததிலிருந்து கடந்த ஆண்டுகளால் வகுத்தது. நூலகத்தில் வேறொருவரின் பழைய கட்டுரை ஒன்றே ஒன்று நுழைந்துவிட்டால் போதும், முதல் ஆண்டு பின்னுக்குப் போய் இந்த எண் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். கல்லூரிக் காலத்தில் கொடுத்த மாநாட்டுச் சுருக்கம்கூட இதைச் செய்யும். அதனால் சகமதிப்பாய்வு பெற்றவற்றை மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள்.

நான் அதிகம் மதிப்பது ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்த மேற்கோள் எண். 400 மேற்கோள் பெற்ற கட்டுரையில் 40 ஆசிரியர்கள் என்றால் ஒருவர் பங்குக்கு 10. 60 மேற்கோள் பெற்ற கட்டுரையில் 3 பேர் என்றால் ஒருவர் பங்குக்கு 20. மொத்த எண்ணிக்கையில் முதல் கட்டுரை மலை மாதிரி தெரியும். வகுத்துப் பார்த்தால் படம் மாறிவிடும். இதிலும் குறை உண்டு. நாற்பது பேரில் உண்மையில் பாதி வேலையைச் செய்தவர் நீங்களாக இருந்தாலும் 10தான் கிடைக்கும். அந்தக் குறையை எப்படி ஈடுகட்டுவது என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

சுய மேற்கோளில் ஒரு பொறி இருக்கிறது. ஏடிஎஸ் அந்தப் பட்டியலுக்குள் இருக்கும் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டுவதைத்தான் சுய மேற்கோள் என்று எண்ணுகிறது. நூலகத்தில் பிழை இருந்தால் இந்த எண்ணும் பிழையாகும். ஒரே சூப்பர்நோவாவின் ஒளிவளைவு, நிறமாலை, முன்னோடி விண்மீன் என்று தொடர் கட்டுரை எழுதுபவர்களுக்குச் சுய மேற்கோள் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அதை மறைக்க வேண்டாம், அதற்காக வருந்தவும் வேண்டாம். கழித்துவிட்ட எண்ணையும் பக்கத்தில் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான்: சகமதிப்பாய்வு பெற்ற கட்டுரைகள் எத்தனை, அவற்றில் முதல் ஆசிரியராக எத்தனை, மொத்த மேற்கோள், முதல் ஆசிரியர் கட்டுரைகளுக்கான மேற்கோள், வகுத்த மேற்கோள், கேட்டால் எச். அதற்குக் கீழே மறக்காமல் ஒரு வரி: "நாசா ஏடிஎஸ், இன்ன தேதி நிலவரம்." தேதி இல்லாத மேற்கோள் எண்ணைச் சரிபார்க்க வழியே இல்லை.

இதழ்களின் தாக்கக் காரணி எண்ணை (ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்) பட்டியலில் போடாதீர்கள். ஆய்வாளரை எடைபோட அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோ அறிவிப்பு வந்தது. அதில் கையெழுத்திட்ட நிறுவனங்கள் பல. வேலை அறிவிப்பில் எந்த எண்களைக் கேட்கிறார்கள், எவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள் என்று முதலில் வாசியுங்கள்.

7. குழுக் கட்டுரையில் உங்கள் பங்கை எழுதுங்கள்

மொத்த வேலையில் பாதி நேரத்தை இந்தப் படிக்கே ஒதுக்குங்கள்.

சூப்பர்நோவா துறை குழுக்களால் ஓடுகிறது. அண்டம் முடுக்கத்தோடு விரிகிறது என்று காட்டிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதல் ஆசிரியர் ஆடம் ரீஸோடு சேர்த்து 20 ஆசிரியர்கள். 2017இல் நியூட்ரான் விண்மீன் மோதலைப் பற்றி எல்லாக் குழுக்களும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அந்தக் கட்டுரை உங்கள் பட்டியலில் இருந்தால் மேற்கோள் எண் வானத்தைத் தொடும். ஆனால் வாசிப்பவர் மனத்தில் ஒரே கேள்விதான் எழும்: இவர் இதில் என்ன செய்தார்?

ஆசிரியர் வரிசையை வைத்து அதை ஊகிக்க முடியாது. சில குழுக்களில் முதல் சில பெயர்கள் பங்கின்படியும் மீதி அகரவரிசையிலும் வரும். சில குழுக்களில் கருவியை உருவாக்கியவர்கள் எல்லாக் கட்டுரைகளிலும் உரிமையோடு வருவார்கள். உங்கள் குழுவின் விதி என்ன என்று பட்டியலின் அடியில் ஒரே வரியில் சொல்லுங்கள். வேறு துறையிலிருந்து வந்த தேர்வுக் குழு உறுப்பினருக்கு அது பெரிய உதவி.

அப்புறம், முக்கியமான ஐந்து அல்லது ஆறு கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதுங்கள். இப்படி எழுதினால் போதாது: "இந்த ஆய்வில் முக்கியப் பங்காற்றினேன்." இப்படி எழுதுங்கள்: "வெடிப்புக்குப் பிந்தைய 3ஆம் நாள் முதல் 90ஆம் நாள் வரையிலான 14 நிறமாலைகளின் கச்சாத் தரவைச் சுத்தப்படுத்தி அளவீடு செய்தேன், ஹைட்ரஜன் கோடுகளின் வேகத்தை அளந்தேன், 4ஆம் பிரிவையும் 6ஆம் படத்தையும் நான் தயாரித்தேன்." பிரிவு எண், பட எண் இருந்தால் வாசிப்பவர் போய்ப் பார்க்கலாம்.

பங்களிப்பை 14 வகைகளாகப் பிரிக்கும் கிரெடிட் என்ற வகைப்பாடு இருக்கிறது. கருத்தாக்கம், தரவுப் பராமரிப்பு, மென்பொருள், முதல் வரைவு எழுதுதல் என்று அதில் வரும். சொல் கிடைக்காமல் தவிக்கும்போது அது கைகொடுக்கும்.

எழுதி முடித்ததும் அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியருக்கு உங்கள் இரண்டு வரியை அனுப்பி, "இது சரிதானா?" என்று கேளுங்கள். பலர் இதற்குத் தயங்குகிறார்கள். தயங்காதீர்கள். உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். நீங்கள் ஒன்று சொல்லி, அவர் கடிதம் வேறொன்று சொன்னால் இழப்பு உங்களுக்குத்தான்.

8. மேற்கோள் ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒற்றைச் சூப்பர்நோவா பற்றிய கட்டுரைக்கும், ஆய்வு முறை பற்றிய கட்டுரைக்கும் மேற்கோள் வரும் விதமே வேறு. தனி நிகழ்வுக் கட்டுரைக்கு முதல் சில ஆண்டுகள் வேகமாக வரும், பிறகு குறையும். எஸ்என் 1987ஏ, எஸ்என் 2011எஃப்இ போல அருகில் நடந்தவை விதிவிலக்கு. முறைக் கட்டுரையும் மீள்பார்வைக் கட்டுரையும் நீண்ட காலம் ஓடும். 1ஏ வகைச் சூப்பர்நோவாவின் உச்ச ஒளிக்கும் மங்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய மார்க் பிலிப்ஸின் 1993ஆம் ஆண்டுக் கட்டுரையை இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். தொலைவு அளப்பவர்கள் அதன் மேல்தான் நிற்கிறார்கள். அலெக்ஸ் ஃபிலிப்பென்கோவின் 1997ஆம் ஆண்டு நிறமாலை மீள்பார்வையும் அப்படித்தான்.

ஆகவே கட்டுரை வந்து ஆறு மாதம் ஆகி நான்கே மேற்கோள் என்றால் கலங்க வேண்டாம். அதே ஆண்டில், அதே வகைச் சூப்பர்நோவா பற்றி வந்த மற்றக் கட்டுரைகளை ஏடிஎஸ்-இல் எடுத்து நடுமதிப்பைப் பாருங்கள். சரியான ஒப்பீடு அதுதான்.

உங்களை மேற்கோள் காட்டியவர்களின் கட்டுரைகளில் பத்தையாவது திறந்து வாசியுங்கள். முன்னுரையில் பதினைந்து பேரோடு ஒருவராகப் பெயர் வருகிறதா, இல்லை உங்கள் அளவீட்டை எடுத்துக் கணக்கில் பயன்படுத்தியிருக்கிறார்களா? இரண்டாவது வகை இரண்டே இருந்தாலும் அதை ஆய்வு அறிக்கையில் எழுதுங்கள்: "இந்த வேக அளவீட்டைப் பின்வந்த இரண்டு தனிக் குழுக்கள் தங்கள் மாதிரிகளுக்கு உள்ளீடாகப் பயன்படுத்தின." எந்தச் சுட்டெண்ணும் இதைச் சொல்லாது.

9. தரவு, மென்பொருள், தொலைநோக்கி நேரம்

நிறமாலைகளை வைஸ்ரெப் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். ஒளிவளைவு அட்டவணையைக் கட்டுரையோடு கணினி வாசிக்கும் வடிவில் கொடுங்கள். தரவு கிடைக்கும் கட்டுரையை மற்றவர்களால் எடுத்துப் பயன்படுத்த முடியும். மேற்கோளும் அதைத் தொடர்ந்து வரும்.

மென்பொருளை ஜெனோடோவில் பதிந்தால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு டிஓஐ, எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவாக ஒரு டிஓஐ என்று இரண்டு கிடைக்கும். மேற்கோள் காட்டச் சொல்லும்போது எதைக் காட்ட வேண்டும் என்று முகப்பிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஐந்து பதிப்புகளுக்கு ஐந்து இடத்தில் மேற்கோள் சிதறும்.

தொலைநோக்கி நேரத்தை இரவு அல்லது மணிக் கணக்கில், முதன்மை விண்ணப்பதாரர், இணை விண்ணப்பதாரர் என்று பிரித்து எழுதுங்கள். கேட்டது எவ்வளவு என்று எழுத வேண்டாம். கிடைத்தது எவ்வளவு என்பதே பதிவு.

10. செலவு

ஏடிஎஸ், ஆர்கிட், ஆர்க்கைவ், டிஎன்எஸ், ஜெனோடோ எல்லாம் இலவசம். "உங்கள் மேற்கோளை உயர்த்தித் தருகிறோம்" என்று பணம் கேட்டு வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். எச்-சுட்டெண் சான்றிதழ் என்று ஒன்று வானியற்பியலில் யாருக்கும் தேவையில்லை.

பணம் போவது வெளியீட்டில். அமெரிக்க வானியல் சங்கத்தின் ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல் உள்ளிட்ட இதழ்கள் 2022 முதல் முழுத் திறந்த அணுக்கத்துக்கு (யாரும் பணமின்றி வாசிக்கும் முறை) மாறின. அங்கே கட்டணம் கட்டுரையின் அளவைப் பொறுத்தது. ராயல் வானியல் சங்கத்தின் மன்த்லி நோட்டீசஸ் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. இரண்டிலும் கட்டண விலக்குக்கு வழி உண்டு; உங்கள் நிறுவனம் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் வைத்திருந்தால் உங்கள் கையிலிருந்து எதுவும் போகாமலும் இருக்கலாம். இதைச் சமர்ப்பிக்கும் முன் நூலகரிடம் கேளுங்கள். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு கேட்டால் வாய்ப்புகள் சுருங்கிவிடும். கட்டணமே வேண்டாம் என்றால் ஓப்பன் ஜர்னல் ஆஃப் ஆஸ்ட்ரோபிசிக்ஸ் இருக்கிறது. ஆர்க்கைவ் மேலேயே இயங்கும் சகமதிப்பாய்வு இதழ் அது. ஆசிரியரிடம் பணம் வாங்குவதில்லை, ஏடிஎஸ்-இலும் ஏறும்.

11. கால அட்டவணை

வானியற்பியல் வேலை விண்ணப்பக் கெடுக்கள் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை குவிகின்றன. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால்:

ஜூலை: பெயர், ஆர்கிட், நூலகம்.
ஆகஸ்ட்: பிரிந்த பதிவுகளுக்கும் விட்டுப்போன மேற்கோள்களுக்கும் படிவம் அனுப்புங்கள்.
செப்டம்பர்: பங்களிப்பு வரிகளை எழுதிச் சக ஆசிரியர்களிடம் காட்டுங்கள். அவர்கள் பதில் எழுத இரண்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
கெடுவுக்கு மூன்று நாள் முன்: அளவீட்டுப் பக்கத்தை மறுபடி திறந்து எண்களைப் புதுப்பித்து, தேதியை மாற்றுங்கள்.

கைவசம் முடியும் தறுவாயில் ஒரு கட்டுரை இருந்தால், அதைக் கெடுவுக்கு முன் ஆர்க்கைவில் ஏற்றப் பாருங்கள். "தயாரிப்பில் உள்ளது" என்ற வரியை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஆர்க்கைவ் எண் இருந்தால் வாசிக்கவே முடியும். ஆர்க்கைவில் முதல் முறை ஏற்றுபவருக்கு வேறொரு ஆய்வாளரின் ஒப்புதல் தேவைப்படலாம், அதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அமெரிக்கக் கிழக்கு நேரம் பிற்பகல் 2 மணிக்குள் ஏற்றினால் பொதுவாக அன்று இரவு 8 மணிக்கு அறிவிப்பு வரும். வெள்ளி பிற்பகல் 2 மணிக்குப் பின் ஏற்றியது திங்கள் இரவுதான் வரும். ஆர்க்கைவின் அன்றைய புதுக் கட்டுரைப் பட்டியலின் உச்சியில் வரும் கட்டுரைக்கு மேற்கோள் கூடுகிறது என்று 2008இலேயே ஆய்வு வந்திருக்கிறது. அதை நம்பி 2 மணி அடித்த நொடியில் ஏற்றக் காத்திருப்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில் ஆசிரியர் பட்டியலை இன்னொரு முறை சரிபாருங்கள் என்பேன். விடுபட்ட பெயரைப் பிறகு சேர்க்கலாம். ஆனால் முதல் நாள் மின்னஞ்சலில் போன பட்டியலைத் திரும்ப அழைக்க முடியாது, விடுபட்டவரின் மனத்தாங்கலும் எளிதில் ஆறாது.

12. பிறர் பதிவை வாசிக்கும்போது

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்களுக்கும் இதே கருவிகள் உதவும். அவருடைய எச்-ஐ மட்டும் பார்த்து வியந்து நிற்காதீர்கள். கடைசி ஐந்து ஆண்டுக் கட்டுரைகளை எடுத்து, அவருடைய மாணவர்கள் எத்தனை கட்டுரைகளில் முதல் ஆசிரியராக இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். மாணவரின் முதல் கட்டுரை சேர்ந்த எத்தனையாவது ஆண்டில் வந்தது என்று பாருங்கள். அந்த மாணவர்கள் பட்டம் பெற்ற பின்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்களா என்று ஏடிஎஸ்-இல் அவர்கள் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அரை மணி நேர வேலை. முடித்துவிட்டு அந்த மாணவர்களில் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதி, அங்கே நாட்கள் எப்படிப் போகின்றன என்று கேளுங்கள்.